டியூட்டர் மென்பொருள் தடம் மாறினால்: அறிகுறியைப் பிடித்துக்கொண்டு பேட்டர்னுக்குப் போகும் வழி

மாணவர் எழுதும் ஒவ்வொரு வரியையும் பார்த்து, தவறினால் குறிப்புக் கொடுத்து, அடுத்த கணக்கைத் தானே தேர்ந்தெடுக்கிற டியூட்டர் மென்பொருளைக் கட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இன்டெலிஜென்ட் டியூட்டரிங் சிஸ்டம், சுருக்கமாக ஐ.டி.எஸ். என்பார்கள். இந்த வகை மென்பொருளில் பெரிய தொல்லை, கெட்டுப்போனாலும் கெட்டது தெரியாது. கணக்குப் பதிவு மென்பொருளில் பக் வந்தால் தொகை இடிக்கும், யாராவது சத்தம் போடுவார்கள். டியூட்டரில் பக் வந்தால் ஒரு பிள்ளைக்குத் தேவையில்லாத கணக்கு ஒன்று போகும், அவ்வளவுதான். சிவப்பு எழுத்து எதுவும் வராது. "சிஸ்டம் ஏதோ யோசித்துத்தான் கொடுத்திருக்கும்" என்று எல்லாரும் நகர்ந்துவிடுவார்கள்.

அதனால் பேட்டர்ன் பெயர்களை வைத்துத் தொடங்காமல் அறிகுறிகளை வைத்துப் போகலாம். 1994இல் நால்வர் தொகுத்த 23 டிசைன் பேட்டர்ன்கள் (நிரலில் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களுக்கான பொதுத் தீர்வு வடிவங்கள்) உங்களுக்கு ஓரளவு பழக்கம் என்று எடுத்துக்கொள்கிறேன். ஐ.டி.எஸ். கட்டமைப்புகளில் எந்தெந்தப் பேட்டர்ன்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று 2005இல் தேவெஜிச், ஹாரர் இருவரும் ஆராய்ந்து எழுதினார்கள். ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு முன்னேற்றப் பட்டை ஏன் தாறுமாறாக ஏறுகிறது என்று தேடும்போது பேட்டர்ன் பட்டியல் உதவாது. எந்த மாட்யூலுக்குத் தெரியக்கூடாத விஷயம் எந்த மாட்யூலுக்குத் தெரிந்திருக்கிறது என்பதைத்தான் தேட வேண்டும். கீழே வரும் அறிகுறிகளில் பெரும்பாலானவை அங்கேதான் போய் முடிகின்றன.

உதாரணத்துக்குப் பின்னக் கூட்டல் டியூட்டர் ஒன்றை வைத்துக்கொள்வோம். கணக்கு 1/2 + 1/3. படிகள் நான்கு: பொதுப் பகுதி காண்பது, சமான பின்னங்களாக மாற்றுவது, தொகுதிகளைக் கூட்டுவது, சுருக்குவது. மென்பொருளில் மாட்யூல்களும் நான்கு. எது சரி என்று சொல்லும் பாட மாட்யூல், இந்தப் பிள்ளைக்கு எது தெரியும் என்று கணிக்கும் மாணவர் மாடல், அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கும் பயிற்று மாட்யூல், அப்புறம் திரை. இந்தப் பிரிவினை 1980களிலிருந்தே இருக்கிறது. பழையது என்று ஒதுக்க வேண்டாம், இன்றும் நன்றாகவே நிற்கிறது.

எந்த அறிகுறியானாலும் முதலில் ஒரு வேலை. ஒரே ஒரு மாணவர், ஒரே ஒரு கணக்கு: அதன் லாக்கை, அதாவது நடந்ததெல்லாம் பதிவான கோப்பை, எடுத்து வரிவரியாக வாசியுங்கள். ஒவ்வொரு வரியிலும் யார், எந்தக் கணக்கு, எந்தப் படி, என்ன எழுதினார், என்ன தீர்ப்பு, எத்தனையாவது முயற்சி, குறிப்பு எந்த நிலையில் இருந்தது, மாடலின் மதிப்பு முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு என்பதெல்லாம் இருக்க வேண்டும். இவற்றில் எது இல்லையோ அதை முதலில் சேருங்கள். இல்லாத லாக்கை வைத்துக்கொண்டு யூகிப்பதைவிட ஒரு நாள் தாமதமானாலும் பரவாயில்லை.

அறிகுறி: இரண்டே சரியான விடையில் "தேர்ச்சி" என்று காட்டுகிறது

எனக்குத் தெரிந்து அதிகமாக வரும் புகார் இது. பிள்ளைக்கும் பெற்றோருக்கும் சந்தோஷம் என்பதால் யாரும் புகார் செய்யாமலும் போகலாம், அது இன்னும் மோசம்.

மாணவர் மாடலாகப் பலரும் வைத்திருப்பது 1990களின் நடுவில் கார்னகி மெலனில் கார்பெட், ஆண்டர்சன் இருவரும் கொண்டுவந்த பேய்சியன் நாலெட்ஜ் டிரேசிங். ஒரு திறனுக்கு நான்கு எண்கள்: தொடக்கத்திலேயே தெரிந்திருக்கும் வாய்ப்பு, ஒரு வாய்ப்பில் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு, தெரியாமலே குருட்டாம்போக்கில் சரியாக எழுதும் வாய்ப்பு, தெரிந்தும் கைதவறும் வாய்ப்பு. மதிப்பு 0.95ஐத் தாண்டினால் தேர்ச்சி என்பது வழக்கம்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். தொடக்கம் 0.30, கற்றல் 0.10, குருட்டு 0.20, கைதவறல் 0.10. முதல் சரியான விடைக்கு மதிப்பு 0.69 ஆகும். இரண்டாவதுக்கு 0.92. மூன்றாவதுக்கு 0.98. ஆக, இந்த எண்களோடு தேர்ச்சி பெறக் குறைந்தது மூன்று சரியான விடை வேண்டும். இரண்டிலேயே வந்தால் ஏதோ ஒரு விடை இரட்டையாக எண்ணப்படுகிறது.

எங்கே என்பதையும் இதே எண்கள் சொல்லிவிடும். முதல் விடையிலேயே 0.30 நேராக 0.92க்குத் தாவினால், ஒரே விடை இரண்டு வழியாக மாடலுக்குப் போகிறது. பெரும்பாலும் திரையே மாடலை நேரடியாக அழைத்திருக்கும். போதாததற்குப் பாட மாட்யூலும் "விடை வந்தது" என்று அறிவித்திருக்கும். முதல் விடை ஒழுங்காக 0.69க்குப் போய், இரண்டாவது விடையில் 0.98க்குத் தாவினால் கதை வேறு. ஒவ்வொரு புதுக் கணக்கு திறக்கும்போதும் யாரோ அப்சர்வரை (ஒரு நிகழ்வு நடந்ததும் சேதி பெறும் பகுதியை) புதிதாகப் பதிவு செய்கிறார்கள், பழையதை நீக்கவில்லை. முதல் கணக்கில் ஒருமுறை, இரண்டாவதில் இருமுறை, ஐந்தாவதில் ஐந்துமுறை மாடல் புதுப்பிக்கப்படும். பிள்ளை எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறதோ அவ்வளவு வேகமாக "புத்திசாலி" ஆகும்.

உடனடித் தீர்வாக ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஓர் அடையாள எண் கொடுத்து, ஏற்கெனவே பார்த்த எண்ணை மாடல் ஒதுக்கும்படி செய்யலாம். செய்யுங்கள், ஆனால் ஒதுக்கும்போது லாக்கில் எச்சரிக்கை எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒழுகும் இடம் ஒழுகிக்கொண்டே இருக்கும், உங்களுக்குத் தெரியாது.

நிரந்தரத் தீர்வு வேறு. இந்த இடத்தில் அப்சர்வரே தேவையா என்று கேளுங்கள். ஒரு விடை வந்ததும் நடக்க வேண்டியது வரிசையான நான்கு வேலை: தீர்ப்பு, மாடல் புதுப்பிப்பு, முடிவு, திரையில் காட்டுதல். வரிசை மாறக்கூடாத வேலைக்கு அப்சர்வர் பொருந்தாது, ஏனென்றால் யாருக்கு முதலில் சேதி போகும் என்பதற்கு அதில் உத்தரவாதம் கிடையாது. ஒரு மீடியேட்டர் கிளாஸ் போதும். அது நான்கையும் அடுத்தடுத்து அழைக்கட்டும். ஆசிரியர் பார்க்கும் பலகை, லாக், புள்ளிவிவரம் மாதிரிப் பார்வையாளர்களுக்கு மட்டும் அப்சர்வர். முடிவெடுக்கிறவரைப் பார்வையாளர் வரிசையில் உட்கார வைக்காதீர்கள்.

இதே காரணத்தால் வரும் இன்னோர் அறிகுறி, டியூட்டர் எப்போதும் ஒரு கணக்கு பின்தங்கியே இருப்பது. பிள்ளை மூன்றாவது கணக்கில் தடுமாறினால் ஐந்தாவதுதான் எளிதாகிறது. கணக்குத் தேர்வு செய்யும் கிளாஸும் மாணவர் மாடலும் ஒரே நிகழ்வைக் கேட்டுக்கொண்டிருக்கும். தேர்வு கிளாஸுக்குச் சேதி முதலில் போய்விடும். அது பழைய மதிப்பை வைத்து முடிவெடுக்கும். பதிவு செய்த வரிசையை மாற்றிப் போட்டால் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும். அடுத்த மாதம் யாராவது ஒரு வரியை நகர்த்தினால் மறுபடி வரும்.

இரட்டை எண்ணிக்கை இல்லை, ஆனாலும் பட்டை வேகமாக ஏறுகிறதா? அப்படியானால் எது மாடலுக்குப் போகிறது என்று பாருங்கள். வழக்கமான நடைமுறையில் ஒரு படியில் முதல் முயற்சி மட்டுமே சான்று. முதலில் குறிப்புக் கேட்டாலே அது தவறுக்குச் சமம். இரண்டு தடவை தவறி, கடைசிக் குறிப்பைப் பார்த்துப் பொதுப் பகுதியாக அப்படியே எழுதிய 6, சரியான விடையாக மாடலுக்குள் போகக்கூடாது. இந்த வடிகட்டலைத் திரையிலும் வைக்க வேண்டாம், சூத்திரத்துக்குள்ளும் வைக்க வேண்டாம். தீர்ப்புக்கும் மாடலுக்கும் நடுவே தனியாக வையுங்கள், நாளைக்குச் சூத்திரத்தை மாற்றினாலும் அது அப்படியே நிற்கும்.

அறிகுறி: சரியாக எழுதினாலும் பட்டை இறங்குகிறது

இதைப் பேட்டர்னால் தீர்க்க முடியாது, முயல வேண்டாம். குருட்டு வாய்ப்பையும் கைதவறல் வாய்ப்பையும் பாருங்கள். தரவிலிருந்து தானாகக் கணித்த எண்களில் குருட்டு 0.60, கைதவறல் 0.50, கற்றல் 0.02 என்று வந்திருந்தால், சரியான விடைக்கு 0.30 என்பது 0.28 ஆகத்தான் செய்யும். கணக்குப்படி அது சரியே, கல்வியாகப் பார்த்தால் அபத்தம். இரண்டில் எதுவும் 0.5ஐத் தாண்டக்கூடாது என்று 2008இலேயே பேக்கர், கார்பெட், அலெவன் மூவரும் எச்சரித்திருக்கிறார்கள். எண்களை ஏற்றும் இடத்தில் வரம்பு சோதனை ஒன்று வையுங்கள், அவ்வளவு போதும்.

அறிகுறி: முதல் குறிப்பிலேயே விடை வந்துவிடுகிறது

பொதுப் பகுதி காணும் படிக்குக் குறிப்புகள் இப்படி இருக்கும்.

முதல் நிலை: "இரண்டு பின்னங்களின் பகுதிகளும் வேறுவேறாக இருக்கின்றன. அப்படியே கூட்ட முடியுமா?"
இரண்டாம் நிலை: "2, 3 இரண்டாலும் மீதியில்லாமல் வகுபடும் சிறிய எண் எது?"
மூன்றாம் நிலை: "பகுதிக் கட்டத்தில் 6 என்று எழுது."

இதைச் செயின் ஆஃப் ரெஸ்பான்சிபிலிட்டியாக எழுதுவது வழக்கம். ஒவ்வொரு நிலையும் ஒரு கண்ணி, தன்னால் முடியாததை அடுத்த கண்ணிக்குத் தள்ளும். கெடுவது எங்கே என்றால், "எத்தனை தடவை கேட்டாயிற்று" என்கிற எண்ணைக் கண்ணிக்குள்ளேயே வைத்துவிடுவார்கள். ஒருவர் சோதிக்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். சர்வரில் அந்தச் சங்கிலி ஒன்றே ஒன்று. வகுப்பு முழுக்க அதைப் பகிர்ந்துகொள்ளும். சிங்கிள்டனாக்கியிருந்தால், அதாவது ஒன்றுக்கு மேல் உருவாகவே முடியாதபடி செய்திருந்தால், கேட்கவே வேண்டாம்.

சோதனை சுலபம். இரண்டு உலாவிகளில் இரண்டு மாணவராக உள்ளே போங்கள். முதலாமவராக இரண்டு தடவை குறிப்புக் கேளுங்கள். இரண்டாமவராக ஒரு தடவை. அவருக்கு "6 என்று எழுது" வந்தால் பிடித்துவிட்டீர்கள். கண்ணிகளில் எந்த நிலையும் தங்கக்கூடாது. எண்ணிக்கை அந்த மாணவர், அந்தக் கணக்கு, அந்தப் படி மூன்றையும் சேர்த்துச் சுமக்கும் தனி ஆப்ஜெக்டில் இருக்கட்டும், கண்ணிகள் அதை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கட்டும்.

இரண்டாமவருக்கு ஒழுங்காக வருகிறது, ஆனால் ஒரே மாணவருக்கு அடுத்த படியில் நேராக மூன்றாம் நிலை வருகிறது என்றால், படி மாறும்போது எண்ணிக்கையைப் பூஜ்ஜியம் ஆக்கவில்லை. சின்ன விஷயம்.

இதற்கு நேரெதிரான புகாரும் உண்டு. யார் என்ன தவறு செய்தாலும் ஒரே பொதுக்குறிப்புதான் வருகிறது. பிள்ளை 2/5 என்று எழுதியிருக்கிறது. தொகுதியோடு தொகுதி, பகுதியோடு பகுதி கூட்டியது அப்பட்டமாகத் தெரிகிறது. ஆனால் டியூட்டர் "மறுபடி முயற்சி செய்" என்கிறது. தெரிந்த பிழைகளுக்கான கண்ணி இருக்கிறதா என்று பார்த்தால் இருக்கும், ஆனால் வரிசையில் பின்னால் இருக்கும். முன்னால் இருக்கும் பொதுக்கண்ணி எது வந்தாலும் "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வாங்கிக்கொள்ளும். குறுகிய நிபந்தனை உள்ள கண்ணி முதலில், பொதுவானது கடைசியில் என்று மாற்றுங்கள். 1978இல் பிரவுன், பர்ட்டன் இருவரும் கழித்தலில் பிள்ளைகள் செய்யும் பிழைகளை ஆராய்ந்தபோது கண்டது, அந்தத் தவறுகளில் பலவற்றுக்குப் பின்னால் ஒரு நிலையான முறை இருக்கிறது என்பதுதான். 62 - 38 = 36 என்று எழுதும் பிள்ளை கவனக்குறைவாக எழுதவில்லை; கடன் வாங்காமல், எந்த இலக்கம் பெரியதோ அதிலிருந்து சிறியதைக் கழிக்கிறது, ஒவ்வொரு தடவையும். அதைக் கண்டுபிடிக்கும் கண்ணியை எழுதிவிட்டு, யாரும் போய்ச் சேராத இடத்தில் வைத்திருப்பது வீண்.

குறிப்பு பொத்தானைப் படபடவென்று அழுத்தி மூன்றாம் நிலைக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றியும் கேட்பார்கள். ஆராய்ச்சியாளர்கள் இதை "சிஸ்டத்தை ஏமாற்றுதல்" என்ற பொருளில் கேமிங் என்கிறார்கள், ரயன் பேக்கர் இதில் நிறைய வேலை செய்திருக்கிறார். தாமதம் வைக்கலாம், நடுவில் ஒரு முயற்சி கட்டாயம் என்று சொல்லலாம். எதுவானாலும் சங்கிலியின் மேல் ஒரு டெக்கரேட்டராக, அதாவது உள்ளே இருப்பதை மாற்றாத மேலுறையாக, போடுங்கள். ஆசிரியர் வேண்டாம் என்றால் கழற்றிவிட முடிய வேண்டும், சில பிள்ளைகளுக்கு அந்தத் தாமதம் எரிச்சலைத் தவிர வேறொன்றும் தராது.

அறிகுறி: சரியான விடையைத் தவறு என்கிறது

பிள்ளை பொதுப் பகுதியாக 12 எடுத்தது. 6/12 + 4/12 = 10/12. டியூட்டர் முதல் படியிலேயே சிவப்பு காட்டியது, ஏனென்றால் விடைச்சாவியில் 6 இருக்கிறது. பிள்ளை செய்ததில் தவறே இல்லை, மீச்சிறு பொது மடங்கை எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

முதல் கேள்வி: தீர்ப்பு சொல்லும் செயற்பாடு என்ன திருப்பித் தருகிறது? ஆம் அல்லது இல்லை மட்டும் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். இந்த மென்பொருளில் வரும் தலைவலியில் பாதிக்கு அந்த இரண்டு சொல் தீர்ப்புதான் காரணம் என்பேன். தீர்ப்பு ஓர் ஆப்ஜெக்டாக இருக்கட்டும். குறைந்தது இவ்வளவாவது அது சொல்ல வேண்டும்: சரி; மதிப்பு சரி, வடிவம் இன்னும் இல்லை; தெரிந்த பிழை, இன்ன பிழை; எனக்குப் புரியவில்லை; இன்னும் எழுதி முடிக்கவில்லை. 10/12 இரண்டாவது வகை. "மதிப்பு சரி, இனிச் சுருக்கு" என்று பயிற்று மாட்யூல் சொல்ல வேண்டுமென்றால் அந்த வேறுபாடு அதன் கைக்கு வந்தாக வேண்டும். "புரியவில்லை" என்பதற்கும் தனி இடம் வேண்டும். புரியாததைத் தவறு என்று மாடலுக்கு அனுப்பினால், வித்தியாசமாக யோசிக்கும் பிள்ளையின் மதிப்புதான் முதலில் சரியும்.

இரண்டாவது கேள்வி: பாதையைச் சோதிக்கிறீர்களா, நிலையைச் சோதிக்கிறீர்களா? ஆண்டர்சன் வழிவந்த டியூட்டர்கள் பிள்ளை எந்த விதியைப் பயன்படுத்தியது என்று படிப்படியாகத் தொடர்கின்றன, இது மாடல் டிரேசிங். எதிர்பாராத பாதை வந்தால் விதி சேர்க்க வேண்டும். ஆராய்ச்சியாளர் ஸ்டெல்லன் ஓல்சனின் யோசனை வேறு. எழுதியிருப்பது எந்தக் கட்டுப்பாட்டையும் மீறாதவரை எந்த வழியாக வந்தாலும் சரி. நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் தரவுத்தள மொழியான எஸ்.க்யூ.எல்.லைக் கற்பிக்க அந்தோனியா மித்ரோவிச் கட்டிய எஸ்.க்யூ.எல். டியூட்டர் அந்த வழியில் வந்தது. ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் இரண்டு பாதி: எப்போது பொருந்தும், பொருந்தினால் என்ன உண்மையாக இருக்க வேண்டும். நம் கணக்குக்கு: "மாற்றிய இரண்டு பின்னங்களும் எழுதப்பட்டிருந்தால், இரண்டின் பகுதிகளும் ஒன்றாக இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் மூலப் பின்னத்துக்குச் சமமாக இருக்க வேண்டும்." 12ம் தேறும், 18ம் தேறும்.

இரண்டில் எது மேல் என்று நான் சொல்லமாட்டேன், பாடத்தைப் பொறுத்தது. ஆனால் தீர்ப்புச் சொல்வதை ஸ்ட்ராட்டஜியாக, அதாவது மாற்றி மாற்றிப் பொருத்தக்கூடிய தனிப் பகுதியாகப் பிரித்து வைத்தால் பின்னத்துக்குக் கட்டுப்பாடு, சமன்பாட்டுக்கு மாடல் டிரேசிங் என்று கலந்து வைக்கலாம். வெளியே வரும் தீர்ப்பு ஆப்ஜெக்ட் ஒன்றேதான்.

மூன்றாவது, எழுத்தில் விடை கேட்கும் இடங்கள். "பின்னத்தின் மேலே இருப்பதன் பெயர்?" என்ற கேள்விக்குப் பிள்ளை "தொகுதி" என்று தட்டச்சு செய்கிறது, சாவியிலும் "தொகுதி", திரையில் இரண்டும் ஒரே மாதிரி, டியூட்டர் தவறு என்கிறது. யூனிகோடில் "தொ" என்பதை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். த-வுக்குப் பின் ஒகரக் குறி ஒன்றே ஒன்று. அல்லது எகரக் குறியும் துணைக்காலும் தனித்தனியாக. கண்ணுக்கு ஒன்று, ஒப்பிடும் நிரலுக்கு இரண்டு. யூனிகோடின் என்.எஃப்.சி. இயல்பாக்கம் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். அதைச் செய்ய வேண்டிய இடம், வெளியிலிருந்து வருவதை உள்ளே ஏற்ற வடிவுக்கு மாற்றும் அடாப்டர். மாணவர் எழுதியது உள்ளே வரும்போதும், பாடம் எழுதுபவர் சாவியைச் சேமிக்கும்போதும். ஒப்பிடும் இடம் ஒவ்வொன்றிலும் தனித்தனியாகச் செய்தால் ஓரிடம் கண்டிப்பாக விட்டுப்போகும். இணைப்பில்லாக் குறி மாதிரிக் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளையும் அங்கேயே களைந்துவிடலாம். ஒன்று மட்டும் இதில் அடங்காது. "ஔவை"யை ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டும் பழக்கம் உண்டு. அது இயல்பாக்கத்தில் ஒன்றாகாது, ஏற்கத்தக்க மாற்று விடையாகச் சாவியில் சேர்க்க வேண்டியதுதான்.

அறிகுறி: பக்கத்தைப் புதுப்பித்தால் எல்லாம் முதலிலிருந்து

பிள்ளைகள் இதை நம்மைவிடச் சீக்கிரம் கண்டுபிடிப்பார்கள். தவறினால் பக்கத்தைப் புதுப்பி, மறுபடி "முதல் முயற்சி" கிடைக்கும். மெமென்டோ (பின்னர் மீட்க ஒரு நிலையைச் சேமித்து வைக்கும் பேட்டர்ன்) வைத்துத் திரையில் எழுதியதைச் சேமித்திருப்பீர்கள். முயற்சி எண்ணிக்கையும் குறிப்பு நிலையும் அதில் இருக்காது. அவற்றை மெமென்டோவில் சேர்ப்பதைவிட, சர்வர் லாக்கிலிருந்து கணக்கிடுவது உறுதி.

பின்செல் பொத்தானும் இதே ரகம். கமாண்ட் பேட்டர்னில் எழுதினால் ஒவ்வொரு செயலுக்கும் எதிர்ச்செயல் கிடைக்கும், நல்லது. ஆனால் அது திரையை மட்டும் பின்னால் கொண்டுபோகட்டும். மாணவர் மாடலைக் கொண்டுபோகக்கூடாது. பிள்ளை 2/5 என்று எழுதியதை அழிக்கலாம், எழுதியதாகக் கிடைத்த சான்று அழியாது.

அறிகுறி: ஒரே திறனில் பிள்ளை சுற்றிச் சுற்றி வருகிறது

தேர்ச்சி வரும்வரை அதே மாதிரிக் கணக்கு என்று வைத்தால், தேர்ச்சியே வராத பிள்ளைக்கு அந்தச் சுற்று முடிவதேயில்லை. 2013இல் பெக், காங் இருவரும் இதற்குச் சக்கரம் சேற்றில் சுழல்வது என்ற பொருளில் வீல் ஸ்பின்னிங் என்று பெயர் வைத்தார்கள். கர்ட் வான்லேன் 2006இல் பிரித்துக் காட்டிய இரண்டு சுழல்களில் இது வெளிச்சுழலின் கோளாறு. உள்சுழல் படிக்குப் படி உதவுவது, வெளிச்சுழல் அடுத்த கணக்கைத் தேர்வது. உள்சுழலில் குறிப்பைக் கூட்டிக்கொண்டே போவதால் இது சரியாகாது.

வெளிச்சுழலை ஸ்டேட் பேட்டர்னாக எழுதியிருந்தால், நிலைகளைக் காகிதத்தில் வரைந்து அம்புக்குறி போடுங்கள். "பயிற்சி" நிலையிலிருந்து வெளியே போகும் அம்பு "தேர்ச்சி" ஒன்றுதான் என்றால் பிழை அதுதான். தீர்த்துக் காட்டிய எடுத்துக்காட்டு, முன்திறனுக்கு இறங்குதல், ஆசிரியரை அழைத்தல் ஆகிய மூன்றுக்கும் அம்பு வேண்டும். மூன்றாவதைப் பலர் விட்டுவிடுவார்கள். மென்பொருள் கைவிரிக்கத் தெரிந்திருப்பதும் ஒரு திறமைதான்.

அறிகுறி: ஒரு திறனில் தேறிய பிள்ளையிடம் அதையே மறுபடி கேட்கிறது

கூட்டல் பாடத்தில் மீச்சிறு பொது மடங்கு கண்டு தேறிவிட்டது. கழித்தல் பாடத்துக்குப் போனதும் 0.30இலிருந்து தொடங்குகிறது. பாடத்திட்டத்தைக் காம்போசிட்டாக, அதாவது மரமாகக் கட்டியிருப்பீர்கள்: பாடம், அலகு, திறன். மரத்தில் ஒரு கிளைக்கு ஒரு பெற்றோர்தான். ஆகவே அந்தத் திறன் கூட்டலின் கீழ் ஒன்று, கழித்தலின் கீழ் இன்னொன்று என்று இரண்டு ஆப்ஜெக்டாகப் பிறந்திருக்கும்.

பாடங்களைக் காட்டும் பட்டியலுக்கு மரம் இருக்கட்டும். திறன்கள் மரத்தில் வாழ வேண்டாம். அவை தனிப் பதிவேட்டில், ஒவ்வொன்றுக்கும் ஒரே அடையாளத்தோடு இருக்கட்டும், மரத்தின் இலைகள் அவற்றைச் சுட்டினால் போதும். முன்திறன் உறவுகள் சுழற்சி இல்லாத வலையாகத் தனியே. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தில் இரண்டை ஒன்றாக்கும்போது மதிப்புகளைச் சராசரி எடுக்காதீர்கள். பழைய லாக்கை எடுத்து, இரண்டிலும் வந்த முயற்சிகளை நேர வரிசையில் கலந்து, மாடலை மறுபடி ஓட்டுங்கள்.

அறிகுறி: புதுப் பாடம் சேர்க்கப் பத்துக் கோப்பைத் தொட வேண்டியிருக்கிறது

"பின்னம் என்றால்" என்று தொடங்கும் நிபந்தனைகளை நிரல் முழுக்கத் தேடுங்கள். பாட மாட்யூலில் இருந்தால் இயல்பு. திரையிலும் மாணவர் மாடலிலும் இருந்தால் பாட அறிவு கசிந்திருக்கிறது. திரைக்குத் தேவை என்ன கட்டம் காட்ட வேண்டும் என்ற விவரம் மட்டும். அதை ஒரு ஃபேக்டரி, அதாவது தேவையானதை உருவாக்கித் தரும் பகுதி, கொடுக்கட்டும்.

எதிர்த் திசையிலும் போகலாம். ஒரு விடை ஒன்பது கிளாஸ் வழியாகப் பயணம் செய்து, ஒவ்வொன்றும் அடுத்ததை அழைப்பதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை என்றால், பேட்டர்ன் பாடம் படித்த உற்சாகத்தில் கட்டியது அது. ஒரே ஒரு செயலாக்கம் உள்ள ஸ்ட்ராட்டஜி இரண்டு வருடமாகத் தனியாகவே இருந்தால் எடுத்துவிடுங்கள். இரண்டாவது வரும்போது மறுபடி பிரித்துக்கொள்ளலாம், அரை நாள் வேலை.

அறிகுறி: "ஏன் இந்தக் கணக்கைக் கொடுத்தது?" என்றால் பதில் இல்லை

ஆசிரியர் கேட்பார். நியாயமான கேள்வி. மாடலின் இப்போதைய மதிப்பை மட்டும் தரவுத்தளத்தில் வைத்திருந்தால் பதில் சொல்ல முடியாது, அந்த முடிவெடுத்த நேரத்தில் மதிப்பு என்னவாக இருந்தது என்பது போய்விட்டது. நிகழ்வுகளை மட்டும் சேர்த்துக்கொண்டே போங்கள், மதிப்பை அவற்றிலிருந்து கணக்கிடுங்கள். முடிவும் ஒரு நிகழ்வாகப் பதிவாகட்டும். எந்தெந்தக் கணக்குகள் போட்டியில் இருந்தன, எதனால் இது வென்றது, எந்தப் பதிப்பு எண்கள் பயன்பட்டன, தற்செயல் தேர்வு இருந்தால் அதன் விதை எண் என்ன, எல்லாம். பிட்ஸ்பர்க் ஆராய்ச்சியாளர்களின் டேட்டாஷாப் களஞ்சியத்தில் டியூட்டர் தரவுகள் ஏறத்தாழ இப்படித்தான், முயற்சிக்கு ஒரு வரியாக இருக்கின்றன. இதில் இன்னொரு லாபம்: கணிப்பு சூத்திரத்தை மாற்ற நினைத்தால் புது ஸ்ட்ராட்டஜியைப் பழைய லாக்கின் மேல் ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் பிள்ளைகளிடம் கொண்டுபோகலாம்.

அறிகுறி: மொழி மாடலைச் சேர்த்தபின் டியூட்டர் விடையை உளறுகிறது

இப்போது பலரும் குறிப்பு எழுதும் வேலையைப் பெரிய மொழி மாடலிடம் கொடுக்கிறார்கள். நடை நன்றாக இருக்கிறது, பிள்ளைகளும் விரும்புகிறார்கள். ஆனால் தீர்ப்பையும் அதனிடமே கொடுத்துவிட்டால் மேலே சொன்ன நான்கு மாட்யூல்களும் ஒரே வாக்கியத்துக்குள் கரைந்துவிடும். தவறான விடையைப் பாராட்டும், சரியானதைச் சந்தேகப்படும், பிள்ளை இரண்டு தடவை கெஞ்சினால் விடையைச் சொல்லிவிடும்.

தீர்ப்பு பாட மாட்யூலிடமே இருக்கட்டும். எந்த நிலைக் குறிப்பு என்பது பயிற்று மாட்யூலின் முடிவு. மொழி மாடலுக்குப் போக வேண்டியது முடிந்த தீர்ப்பும், குறிப்பின் கருத்தும், இவ்வளவுக்கு மேல் சொல்லாதே என்ற எல்லையும். முதல் நிலைக் குறிப்புக் கேட்கும்போது கணக்கின் விடையான 5/6 என்ற எண் அதன் கைக்கே போகக்கூடாது, தெரியாததை அது எடுத்து நீட்டாது என்பதால். ஆனால் சின்னக் கணக்கை அது தானே போட்டுவிடும், எனவே இது மட்டும் போதாது. வெளியே வருவதைச் சோதிக்க நடுவில் ஒரு ப்ராக்ஸி (இடையாள்) வையுங்கள். விடை கசிந்திருந்தால் கையால் எழுதிய பழைய குறிப்பையே அது காட்டட்டும்.

ப்ராக்ஸி 5/6 என்ற எழுத்துக்கோவையை மட்டும் தேடினால் "ஆறில் ஐந்து பங்கு" தப்பித்துவிடும். "ஐந்தின் கீழ் ஆறு", 10/12, 0.83 எல்லாமும் தப்பிக்கும். எண்ணாகவும் சொல்லாகவும் வருபவற்றைப் பின்ன மதிப்பாக மாற்றி, தசமமாக இருந்தால் சிறு இடைவெளி விட்டு, பாட மாட்யூலிடமே ஒப்பிடக் கேளுங்கள். மாணவர் எழுதியதைச் சோதிக்கும் அதே நிரல் இங்கேயும் வேலை செய்யும்.